உயிர்ப்பு ஞாயிறும் நிலவுக் கணக்கும்

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவில் கத்தோலிக்கக் கோயில்களில் விளக்கை எல்லாம் அணைத்துவிடுவார்கள். மக்கள் வெளியே முற்றத்தில் கூடி நிற்க, புதுத் தீ மூட்டப்படும். அதன் முன்னால் ஒரு பெரிய மெழுகுதிரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பாஸ்கா திரி என்று பெயர். குருவானவர் கூர்மையான ஒரு கருவியால் அதில் சிலுவை ஒன்றைக் கீறுவார். சிலுவைக்கு மேலே ஆல்பா, கீழே ஒமேகா. பிறகு சிலுவையின் நான்கு மூலைகளிலும் மூலைக்கு ஒன்றாக நான்கு இலக்கங்கள். அவை நடப்பு ஆண்டைக் குறிப்பவை. கிறிஸ்துவின் ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து, திரியை ஏற்றி, இருட்டுக் கோயிலுக்குள் பாடிக்கொண்டே நுழைவார்கள்.

பெரும்பாலோர் கண்ணில் படுவது சுடர்தான். எனக்கு அந்த நான்கு இலக்கங்கள்தான் வியப்பு. என்றென்றைக்குமான உண்மை என்று ஒரு மதம் அறிவிக்கிற இரவில், மெழுகில் எதற்காக ஆண்டைக் கீற வேண்டும்? அதைவிட வேடிக்கை, ஆண்டை அப்படி எண்ணும் வழக்கமே ஈஸ்டர் என்றைக்கு வரும் என்று கணக்குப் போட்டவர்களிடமிருந்து வந்தது என்பது. கிறிஸ்தவர் அல்லாதவர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற தினசரி காலண்டரில், ஆண்டின் எண், லீப் வருட விதி, சிவப்பு மையில் அச்சான ஞாயிறு ஆகிய மூன்றிலும் உயிர்ப்பு விழாவின் கை இருக்கிறது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு உயிர்ப்பு என்ன பொருள் தருகிறது என்பதைப் பற்றி நூல்கள் ஏராளம். அந்த நம்பிக்கை வானத்தை அளக்க வைத்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

எங்கிருந்து தொடங்குகிறது இது? அப்போஸ்தலர் பவுலிடமிருந்து. கொரிந்து நகரச் சபைக்கு ஏறக்குறைய கி.பி. 55ஐ ஒட்டி அவர் எழுதிய கடிதத்தில், கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் தங்கள் பிரசங்கமும் வீண், கேட்பவர்களின் விசுவாசமும் வீண் என்று வாதிடுகிறார். உயிர்த்தவரைப் பார்த்தவர்கள் யார் யார் என்று பட்டியலும் தருகிறார். பயிர் மடிந்து மீண்டும் முளைப்பதைப்போல் ஆண்டுதோறும் சுழலும் ஒரு கதையாக அவர் இதைச் சொல்லவில்லை. ஒருமுறை நடந்தது, இன்னாருக்குத் தெரியும் என்கிறார். இன்றும் ஞாயிறுதோறும் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர்கள் உள்ளன. ஒருவர் மரியாள். மற்றவர் பிலாத்து என்ற ரோமானிய அதிகாரி. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. ஓர் அதிகாரியின் பெயரைச் சேர்த்த மாத்திரத்தில் கதைக்குத் தேதி வந்துவிடுகிறது.

சுவிசேஷங்களில் இன்னும் இரண்டு துப்புகள் கிடைக்கின்றன. இயேசு இறந்தது யூதர்களின் பாஸ்கா பண்டிகையை ஒட்டிய ஒரு வெள்ளிக்கிழமை. கல்லறை வெறுமையாக இருந்ததைப் பெண்கள் கண்டது வாரத்தின் முதல் நாளான ஞாயிறு விடியலில். பாஸ்கா என்பது நிசான் மாதத்துப் பௌர்ணமிப் பண்டிகை. ஆக, பிலாத்தின் பத்து ஆண்டுகளில் எந்தெந்த ஆண்டு நிசான் பௌர்ணமி வெள்ளிக்கிழமையை ஒட்டி வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டு தேதிகளில் வந்து நிற்கிறார்கள்: கி.பி. 30 ஏப்ரல் 7, அல்லது கி.பி. 33 ஏப்ரல் 3. இரண்டாவது தேதியன்று எருசலேமில் சந்திரன் உதிக்கும்போதே ஓரளவு கிரகணம் பிடித்திருந்தது என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஹம்ஃப்ரீஸ், வாடிங்டன் இருவரும் 1983இல் நேச்சர் இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதை வைத்து இதுதான் அந்த நாள் என்று சாதிப்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அன்று நண்பகலில் இருள் சூழ்ந்ததாகச் சொல்லப்படுவதைச் சூரிய கிரகணம் என்று மட்டும் விளக்க முடியாது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், பாஸ்காவோ பௌர்ணமியில். இதை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் கண்டு சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நிலா எங்கே இருந்தது என்பதை வானியல் சொல்லும். கல்லறையில் என்ன நடந்தது என்று சொல்வது அதன் வேலை அல்ல.

நினைவுநாளை ஆண்டுதோறும் கொண்டாடலாம் என்று முடிவெடுத்ததும்தான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது. வசந்த காலம் வேண்டும். அது சூரியனின் கணக்கு. பௌர்ணமி வேண்டும், அது சந்திரனின் கணக்கு. ஞாயிறாகவும் இருக்க வேண்டும். அது இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஏழின் கணக்கு. ஓர் ஆண்டு ஏறக்குறைய 365.2422 நாள். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரி 29.5306 நாள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மீதியின்றி வராது. பன்னிரண்டு பௌர்ணமிகள் கூடினால் 354 நாள்தான். ஆண்டுக்கு 11 நாள் துண்டு விழும். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆண்டு நகர்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பங்குனி உத்திரமும் பெரிய வெள்ளியும் பல ஆண்டுகள் ஒரே வாரத்தில் வருவது தற்செயலும் அல்ல. இரண்டும் பெரும்பாலும் அதே நிலாவைப் பார்த்து வைக்கப்படுபவை.

ஆரம்பத்தில் ஊருக்கு ஒரு வழக்கம். ஆசியா மைனர் சபைகள், நிசான் 14 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே கொண்டாடின. ரோமில் ஞாயிறுதான். ஸ்மிர்னா நகரத்து ஆயர் பொலிகார்ப் முதிய வயதில் ரோமுக்குப் போய் இதைப் பேசினார். இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை, சண்டையும் போடவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பிரியாவை ஆண்ட ஒஸ்வியு மன்னர் ஐரிஷ் துறவிகளின் கணக்கைப் பின்பற்றினார். ராணி ஈன்ஃப்லெட் ரோமானியக் கணக்கை. அதனால் ராஜா ஈஸ்டர் விருந்தில் உட்கார்ந்திருக்க, ராணி இன்னும் குருத்தோலை ஞாயிற்றிலேயே நின்றுகொண்டு நோன்பைத் தொடர்வதும் நடந்தது என்று வரலாற்றாசிரியர் பீட் எழுதிவைத்திருக்கிறார். ஒரே அரண்மனையில், ஒரே அடுக்களையில்! 664இல் விட்பி மடத்தில் சங்கம் கூட்டி, ரோமானியக் கணக்கே இனி என்று ராஜா முடிவு சொன்னார்.

அதற்கு வெகு முன்பே, 325இல், நிசேயா சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்திருந்தது. கணக்குக்குப் பேர்போன அலெக்சாந்திரியாவின் முறை மெல்ல மெல்லப் பொதுவாயிற்று. வசந்த காலச் சம இரவு நாளை மார்ச் 21 என்று வைத்துக்கொள். அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பார். அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியை முன்கூட்டியே அறிய 19 ஆண்டுச் சுழற்சி ஒன்று கைகொடுத்தது. 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். கிரேக்க வானியலாளர் மெட்டன் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் இதைச் சொன்னார், பாபிலோனியர்களும் அறிந்திருந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருச்சபை பார்க்கும் பௌர்ணமி வானத்துப் பௌர்ணமி அல்ல, அட்டவணைப் பௌர்ணமி. நம்மூரில் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் அவ்வப்போது திதி தள்ளிப்போகிறதே, அந்த மாதிரி. 2019இல் இது அப்பட்டமாகத் தெரிந்தது. நம் நேரப்படி மார்ச் 21 விடிவதற்கு முன் சம இரவு வந்தது. அன்று காலையிலேயே பௌர்ணமியும் வந்தது. விதியை வானத்தில் வைத்துப் பார்த்தால் மார்ச் 24 ஈஸ்டராக இருந்திருக்க வேண்டும். அட்டவணையில் அந்தப் பௌர்ணமி மார்ச் 21க்கு முன்பே முடிந்துவிட்டது. எனவே அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருந்து ஏப்ரல் 21இல் கொண்டாடினார்கள். வானத்தை நம்பாமல் காகிதத்தை நம்புவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பௌர்ணமி ஒரு நொடியில் நிகழ்வது. அந்த நொடியில் ஓர் ஊரில் ஞாயிறு, இன்னோர் ஊரில் திங்கள். அட்டவணை என்றால் உலகம் முழுக்க ஒரே விடை. நிசேயா கேட்டது அதைத்தான்.

இப்படி அட்டவணை போட்டவர்களில் ஒருவர் தியோனிசியுஸ் எக்சிகுவுஸ் என்ற துறவி. 525இல் ரோமில் உட்கார்ந்து, தீர்ந்துபோகவிருந்த பழைய ஈஸ்டர் பட்டியலை மேற்கொண்டு நீட்டினார். பழைய பட்டியல் ஆண்டுகளை தியோக்லேசியன் பேரரசர் பட்டமேறியதிலிருந்து எண்ணியது. கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தவன் பெயரில் உயிர்ப்பு விழாவுக்கு ஆண்டா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, கிறிஸ்து மனிதராகப் பிறந்ததிலிருந்து எண்ணி 532 என்று தன் பட்டியலை ஆரம்பித்தார். அவருக்கு அது ஒரு பத்தியின் தலைப்பு மாற்றம், அவ்வளவே. இரு நூற்றாண்டு கழித்து பீட் தன் வரலாற்று நூலில் அதைக் கையாண்டார். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பரவி, இன்று ஆதார் அட்டையில் நம் பிறந்த தேதி வரை வந்துவிட்டது. கணக்கில் சின்னப் பிசகும் இருந்தது. ஏரோது மன்னன் இறந்தது கி.மு. 4 என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குழந்தை இயேசுவைத் தேடிக் கொல்ல ஆள் அனுப்பியவன் அவன் என்றால், கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன்!

இன்னொரு பிசகு இதைவிடப் பெரியது. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஆண்டுக்கு 365 நாளும் கால் நாளும் என்று வைத்திருந்தது. உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடத்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஏறக்குறைய 128 ஆண்டுக்கு ஒரு நாள் வழுவும். 16ஆம் நூற்றாண்டில் வானத்தில் சம இரவு மார்ச் 11க்கு வந்துவிட்டது. புத்தகத்தில் இன்னும் மார்ச் 21. வசந்த விழா கொஞ்சம் கொஞ்சமாகக் கோடைக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, மருத்துவர் அலோய்சியுஸ் லிலியுஸ் வகுத்த திட்டத்தை இயேசு சபைக் கணிதர் கிறிஸ்டோபர் கிளாவியுஸ் உள்ளிட்டோரைக் கொண்டு ஆராயச் செய்து, 1582இல் ஆணையிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இடையில் பத்து நாள் இல்லவே இல்லை. அவிலாவின் புனித தெரேசா காலமானது சரியாக அந்த இரவில். நூற்றாண்டு முடிவுகளில் 400ஆல் வகுபடுவது மட்டுமே லீப் ஆண்டு என்று விதியும் மாறியது. 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த விதி, ஈஸ்டர் வசந்தத்தை விட்டு ஓடாமல் கட்டிப்போடப் பூட்டிய விலங்கு. போப் சொன்னதைப் புரொட்டஸ்டண்ட் நாடுகள் உடனே கேட்கவில்லை. பிரிட்டன் இணங்கியது 1752இல்தான். ஆசியாவில் இருந்த அதன் ஆட்சிப் பகுதிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது.

கட்டளை போட்டாயிற்று. புதிய கணக்கு சரியா என்று யார் அளந்து பார்ப்பது? இங்கேதான் கதை இன்னும் சுவையாகிறது. சம இரவுக்கும் அடுத்த சம இரவுக்கும் இடைவெளியை நிமிடச் சுத்தமாக அளக்க மிகப் பெரிய கருவி வேண்டும். உயரமான கூரை, இருட்டான உள்புறம், அசையாத தரை எல்லாம் தயாராக இருந்த கட்டடங்கள் பேராலயங்கள்தாம். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்து சான் பெட்ரோனியோ ஆலயத்தில் 1655இல் வானியலாளர் ஜொவான்னி தொமேனிக்கோ காசினி இந்த வேலையைச் செய்தார். கூரையில், தரையிலிருந்து 27 மீட்டர் உயரத்தில், 27 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. தரையில் தூண்களுக்கு நடுவே, மயிரிழையில் அவற்றில் முட்டாமல், வடக்கு தெற்காக ஏறக்குறைய 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது துளை வழியே விழும் ஒளிவட்டம் கோட்டைக் கடக்கும். கோடையில் சூரியன் உயரத்தில் இருப்பதால் வட்டம் துளைக்குக் கிட்டே, சிறிதாக விழும். குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடிக்குப் போய் முட்டைபோல் நீண்டு கிடக்கும். சம இரவன்று அது எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தால் ஆண்டின் நீளம் கிடைத்துவிடும்.

காசினி அதோடு நிற்கவில்லை. ஒளிவட்டத்தின் அளவைக் கொண்டு இன்னொரு கேள்விக்கும் விடை தேடினார். ஜனவரி வாக்கில் சூரியன் நட்சத்திரங்களிடையே வேகமாக நகர்வதுபோலத் தெரியும், ஜூலையில் மெதுவாக. பழைய கொள்கை சொன்னது: வேகம் உண்மையில் மாறுவதில்லை, அருகில் வருவதால் அப்படித் தோன்றுகிறது. வானியலாளர் கெப்ளர் சொன்னது: பாதி தோற்றம், பாதி நிஜம், அருகில் வரும்போது உண்மையிலேயே வேகம் கூடுகிறது. பழையது சரியென்றால் சூரிய வட்டத்தின் அளவு மிகுதியாக மாற வேண்டும். கெப்ளர் சரியென்றால் அதில் பாதிதான் மாற வேண்டும். ஆலயத் தரையில் மாதக்கணக்கில் அளந்து பார்த்ததில் மாறியது பாதிதான். கலிலியோவைத் திருச்சபை தண்டித்தது 1633இல். இருபத்திரண்டு ஆண்டுகளே கழித்து, போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட ஊரில், பூசை நடக்கும் கோயிலில், கெப்ளர் பக்கம் ஒரு சான்று கிடைக்கிறது. பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்பதை இந்த அளவீடு தீர்க்கவில்லை என்பது உண்மை; பாதையின் இயல்பை மட்டும்தான் சொன்னது. ஆனாலும், மதமும் அறிவியலும் எந்நாளும் கீரியும் பாம்பும் என்று எழுதுபவர்கள் ஒருமுறை சான் பெட்ரோனியோவுக்குப் போய்த் தரையைப் பார்த்துவிட்டு எழுதலாம். இடைக்காலத்திலிருந்து ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக வானியலுக்கு மிக அதிகமாகப் பணமும் ஆதரவும் கொடுத்த நிறுவனம் கத்தோலிக்கத் திருச்சபைதான் என்று அறிவியல் வரலாற்றாசிரியர் ஜே. எல். ஹெய்ல்பிரான் கருதினார். காரணம் ஈஸ்டர் தேதி.

ஆண்டுக்கு ஒருநாள் வரும் விழாவின் கதை இது. உண்மையில் உயிர்ப்பு விழா ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட முறை வருகிறது. ஞாயிறு ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஈஸ்டர் என்பதுதான் ஆதி கிறிஸ்தவர்களின் எண்ணம். நிசேயா சங்கத்தின் இருபதாம் விதி இதை உடம்பாலேயே காட்டச் சொன்னது: ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் போடாமல் நின்றுகொண்டு ஜெபிக்க வேண்டும். எழுந்தவரைக் கொண்டாடுபவர்கள் எழுந்து நிற்கட்டும் என்று. தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம்; சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46 வருகிறது. நடுவில் உள்ள ஆறு ஞாயிறுகள் நோன்புக் கணக்கில் சேராது. தவக்காலத்தில் கவிச்சியை விட்டிருப்பவர்களில், ஞாயிறன்றும் தொடுவதா கூடாதா என்று வீட்டில் வாக்குவாதம் நடத்தியவர்கள் இதை ஓர் ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம். பழைய ஞானஸ்நானத் தொட்டிகளும் மண்டபங்களும் பல இடங்களில் எண்கோணமாக இருப்பதற்கும் இதே காரணம். ஏழு நாளில் படைப்பு முடிந்தது என்றால், உயிர்ப்பு ஞாயிறு எட்டாம் நாள், புதுப் படைப்பின் நாள்.

321இல் கான்ஸ்டன்டைன் பேரரசர், சூரியனின் நாளில் நீதிமன்றங்களும் நகரத் தொழில்களும் ஓய வேண்டும் என்று ஆணையிட்டார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு. மழையும் பருவமும் கிழமை பார்க்காதே. அந்த ஓய்வை ஒழிக்கப் பெரிய பெரிய அரசுகளே முயன்றிருக்கின்றன. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793இல் பத்து நாள் வாரம் கொண்டுவந்தது. நெப்போலியன் காலத்தில் அது காணாமல் போயிற்று. சோவியத் அரசு 1929இல் ஐந்து நாள் வாரத்தையும் பிறகு ஆறு நாள் வாரத்தையும் பரீட்சித்துப் பார்த்து, 1940இல் ஏழுக்கே திரும்பியது. 1890இல் நாராயண் மேகாஜி லோகாண்டே முன்னின்று போராட, பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் பெற்ற வார விடுமுறையும் ஞாயிறுதான். அவர்கள் யாரும் உயிர்ப்பை நினைத்துக் கேட்கவில்லை. களைத்த உடம்புக்காகக் கேட்டார்கள். உயிர்ப்பைக் கொண்டாடுபவர்கள் அதைப் பிழையென்று சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். உடம்பு ஒரு பொருட்டல்ல, ஆன்மா தப்பித்தால் போதும் என்று சொல்லாமல், உடம்போடு எழுந்தார் என்று பிடிவாதம் பிடித்த மதம் அல்லவா இது.

இவ்வளவு கணக்குப் போட்டும் உலகக் கிறிஸ்தவர்கள் ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாடுவதில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை பழைய ஜூலியன் கணக்கிலேயே நிற்கின்றன. அதன் மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. அதனால் 2024இல் மேற்கே மார்ச் 31, கிழக்கே மே 5. 1997இல் அலெப்போவில் கூடிய திருச்சபைகளின் ஆலோசனைக் கூட்டம், இரண்டு அட்டவணைகளையும் ஓரமாக வைத்துவிட்டு, எருசலேமின் தீர்க்கரேகையில் நின்று வானத்தையே கணக்கிடலாம் என்று ஒரு வழி சொன்னது. நடக்கவில்லை. நிலாவே வேண்டாம், ஏப்ரலில் ஒரு ஞாயிறைக் குறித்துவிடலாம் என்பது இன்னொரு கட்சி. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1928இல் அப்படி ஒரு சட்டமே நிறைவேற்றியது. இன்றுவரை அது நடைமுறைக்கு வரவில்லை.

தேதியைக் கட்டிப்போட்டால் பள்ளிகளுக்கும் வங்கிகளுக்கும் ரயிலில் முன்பதிவு செய்பவர்களுக்கும் வசதிதான். எனக்கு அதில் சம்மதம் இல்லை. எல்லாப் பண்டிகையும் அலுவலக வசதிக்கு அசைந்துகொடுக்க ஆரம்பித்துவிட்ட காலத்தில், நிலாவுக்காகக் காத்திருக்கும் ஒரு ஞாயிறாவது மிஞ்சட்டும். இரண்டு கணக்குகளும் தாமாகவே ஒத்துப்போகும் ஆண்டுகளும் வரத்தான் செய்கின்றன. 2025இல் இருவருக்கும் ஏப்ரல் 20. அடுத்து அப்படி வருவது 2028, ஏப்ரல் 16.